வேலியில் போன ஓணான்



இங்கே வழக்கமாக நான் எழுதுவது வலிமிகும் இடம், வலிமிகா இடம், ஆறாம் ஆண்டுக் கட்டுரைப் பயிற்சி, சிறுவர் பாடல் போன்றவைதாம். இன்று எங்கள் வீட்டுப் பச்சோந்தியைப் பற்றி எழுதப் போகிறேன். காரணம் உண்டு. சில மாதங்களாகப் பள்ளி வாயிலில் பெற்றோர் என்னை நிறுத்தி, "டீச்சர், உங்கள் வீட்டில் பச்சோந்தி வளர்க்கிறீர்களாமே? என் மகனும் ஒன்று வேண்டுமென்று அடம்பிடிக்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். எல்லாம் என் மகன் தன் கைப்பேசியில் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பிய படங்கள் செய்த வேலை. வாயிலில் நின்றபடி, பின்னால் மகிழுந்துகள் ஒலியெழுப்ப, இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடிய மறுமொழி என்னிடம் இல்லை. ஆகவே எழுதிவிடுகிறேன்.

2025ஆம் ஆண்டு சனவரியில் என் மகன் ஆறாம் ஆண்டை முடித்தான். இடைநிலைப் பள்ளிக்குப் போகுமுன் ஒரு பரிசு வேண்டும் என்றான். மிதிவண்டியோ காற்பந்துக் காலணியோ கேட்பான் என்று எண்ணிச் சரி என்று சொல்லிவிட்டேன். அவன் கேட்டது பச்சோந்தி. வாக்குக் கொடுத்தாயிற்று, அதிலும் ஆசிரியர் வாக்கு. தைப்பூசத்திற்கு முதல் வாரம் பெட்டாலிங் ஜெயாவில் உள்ள வளர்ப்புப் பிராணிக் கடை ஒன்றிற்குப் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கிளையைப் பற்றிக்கொண்டு, விரல் நீளத்தில், வெளிர்பச்சையில் அமர்ந்திருந்தது அது. ஒரு கண் என்னைப் பார்த்தது. மற்றொரு கண் என் மகனைப் பார்த்தது. 280 ரிங்கிட். "ஆண்தான், வளர்ந்தால் தலையில் பெரிய கொண்டை வரும்" என்றார் கடைக்காரர். மகன் அங்கேயே பெயர் வைத்துவிட்டான்: மாறன். நிறம் மாறுபவன் என்பதால் மாறன் என்று விளக்கமும் கொடுத்தான். தமிழாசிரியையின் மகன் அல்லவா, மறுக்க முடியவில்லை.

வீட்டில் என் மாமியார் இருக்கிறார். நான் அத்தை என்றுதான் அழைப்பேன். சீபோர்ட் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். 1970களில் சுங்கை வே தடையற்ற வாணிக வட்டாரத்தில் தொழிற்சாலைகள் வந்தபோது, தோட்டத்து வேலையை விட்டு மின்னணுத் தொழிற்சாலைக்குப் போன பெண்களில் ஒருவர். பெட்டியை ஒரு பார்வை பார்த்தார். "வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதையாவுல இருக்கு. அதுக்குக் காசு வேற குடுத்தியாம்மா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஓணான் வேறு, பச்சோந்தி வேறு என்பதை அவருக்கு விளக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. உண்மையைச் சொன்னால், எனக்கே அதுவரை தெளிவாகத் தெரியாது. சுங்கை வேயில் செம்பருத்தி வேலிகளில் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும் ஓணானைத்தான் மலாய்க்காரர்கள் 'செசும்பா' என்கிறார்கள். சும்பா என்றால் ஆணை, சாபம் என்று பொருள். அதுவும் ஓரளவு நிறம் மாறும், கழுத்து சிவக்கும். ஆனால் மெய்யான பச்சோந்தி இந்நாட்டுக் காட்டில் இயற்கையாக இல்லை. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கிழக்கே அவ்வினமே கிடையாது. 200க்கும் மேற்பட்ட வகைகள் உலகில் உண்டு. ஏறத்தாழப் பாதி மடகாஸ்கரில். தமிழகத்தில் வாழும் வகைக்கு 1768இல் லாரன்டி என்பவர் இலங்கையின் பெயரையே வைத்தார். அங்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். எங்கள் வீட்டிற்கு வந்தது ஏமன் நாட்டையும் சவூதி அரேபியாவின் தென்மேற்கு மலைப்பகுதியையும் சேர்ந்த வகை. பண்ணைகளில் பெருக்கி உலகெங்கும் விற்கிறார்கள். அருகிவரும் உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் அதுவும் இருக்கிறது. ஆகவே வாங்க நினைக்கும் பெற்றோர் முதலில் செய்ய வேண்டியது, பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் உரிமம் பற்றிக் கேட்பது. கடைக்காரரிடம் இறக்குமதிப் பத்திரங்களைக் கேட்பது. "அதெல்லாம் தேவையில்லை" என்று வாயால் சொல்வதைப் பத்திரமாகக் கொள்ளாதீர்கள்.

முதல் பத்து நாள்கள் அது தண்ணீர் குடிக்கவே இல்லை. நான் அழகான சிறு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். அது அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்கள் உள்வாங்கின. எச்சத்தில் வெண்மையாக இருக்க வேண்டிய பகுதி ஆரஞ்சு நிறமானது. மகன் இரவெல்லாம் இணையத்தில் தேடிக் கண்டுபிடித்தான்: தேங்கிய நீரைப் பச்சோந்தி நீரென்றே பெரும்பாலும் அறியாது. இலையில் தொங்கும் துளியைத்தான் நக்கும். காலையிலும் மாலையிலும் செடிகள் நனையத் தெளிப்பானால் தெளிக்க வேண்டும்; மேலிருந்து சொட்டுச் சொட்டாக விழச் செய்ய வேண்டும். அன்று மாலை தெளித்தோம். கால் மணி நேரம் அசையாமல் இருந்தது. பிறகு மெல்ல நகர்ந்து வந்து ஓர் இலை நுனியிலிருந்து குடிக்கத் தொடங்கியது. குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. மகன் அழுதுவிட்டான். பத்து நாள் தாகம்!

அதுமுதல் எங்கள் வீட்டில் யாரும் ஒன்றாக வெளியூர் போனதில்லை. பினாங்கில் உறவினர் திருமணத்திற்கு என் கணவர் மட்டும் போய் வந்தார்.

கண்ணாடித் தொட்டியும் ஆகாது என்று பிறகு தெரிந்தது. காற்றோட்டம் வேண்டும். நம் கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரப்பதத்தில், மூடிய தொட்டிக்குள் தண்ணீரும் தெளித்தால் பூஞ்சணம் பிடிக்கும். அதற்கு மூச்சுக்குழலில் நோய் வரும். போதாததற்குக் கண்ணாடியில் தன் உருவத்தையே கண்டு எதிரியென்று நினைத்து ஓயாமல் அஞ்சும். வலைக் கூண்டு 190 ரிங்கிட். உள்ளே வைக்கக் குரோட்டன் செடியா என்று கேட்டால், அதன் பால் நஞ்சு. மணிபிளாண்ட் போன்றவற்றையும் சிலர் வைக்கிறார்கள், நாங்கள் வேலியிலிருந்து செம்பருத்தியையே வெட்டி நட்டோம். அதன் இலையையும் பூவையும் அது தின்னும்.

தீனி உயிரோடிருக்க வேண்டும். சுவர்க்கோழிப் பூச்சி, மலாயில் செங்கெரிக். பறவைத் தீனியாகவும் தூண்டில் இரையாகவும் விற்பார்கள். அந்தப் பூச்சிக்கும் கீரை, கேரட் கொடுத்துத் தேற்றிய பிறகே இதற்குக் கொடுக்க வேண்டும். கொடுக்குமுன் சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்ட வேண்டும். ஆக ஒரு விலங்கை வாங்கினால் இரண்டு விலங்குகளை வளர்க்கிறோம். தப்பியோடிய சுவர்க்கோழிகள் எங்கள் பலகணியில் குடியேறி இரவெல்லாம் கத்தின. கூட்டரசு நெடுஞ்சாலையின் இரைச்சலையும் மீறி அது கேட்டது. நான் எரிச்சலடைந்தேன். அத்தையோ, "தோட்டத்துல ராத்திரி இப்படித்தான் இருக்கும்" என்று சன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பூச்சிக்குக் கீரை நறுக்கும் வேலையை அவர் எடுத்துக்கொண்டது அப்போதுதான், எவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

நான் செய்த பெரிய பிழை வெளிச்சம். கடையில் கொடுத்தது வெறும் சூடேற்றும் விளக்கு. சன்னலோரம் வைத்தால் வெயில் படுகிறதே, வேறென்ன வேண்டும் என்று இருந்துவிட்டேன். சூரிய ஒளியில் உள்ள புறஊதா 'பி' கதிர் தோலில் பட்டால்தான் அதன் உடலில் டி3 உயிர்ச்சத்து உருவாகும். அது இருந்தால்தான் தின்ற சுண்ணாம்பு எலும்பில் சேரும். சன்னல் கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும். நான் அறிவியல் பாடமும் போதிக்கிறவள். ஏப்ரல் மாதம் அதன் முன்னங்கால்கள் சற்றே வில்லாக வளைந்திருப்பதை மகன் காட்டினான். உடலைவிட நீளமாக நாக்கை வீசிப் பூச்சியைப் பிடிக்கும் உயிர், மூன்று முறை வீசி ஒருமுறை பிடித்தது. 140 ரிங்கிட்டுக்கு உரிய விளக்கை வாங்கினோம். அதையும் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் மாற்ற வேண்டும். ஒளி இருக்கும், கதிர் தீர்ந்திருக்கும். காலையில் அரைமணி நேரம் பலகணி வெயிலில் கூண்டை வைத்தோம், பூனையும் காக்கையும் வராமல் அத்தை காவல். வளைந்த கால் நிமிரவில்லை. இன்றும் வளைந்தே இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குறுகுறுப்பு.

நிறம் மாறுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விலங்குகள் எதிரியிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ளும் வழிகள் என்ற பாடம் வரும்போதெல்லாம், "பச்சோந்தி தான் இருக்கும் இடத்திற்கேற்ப நிறம் மாறும்" என்று பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக நான் கற்பித்திருக்கிறேன். வெண்பலகையில் சிவப்புப் பூமேல் சிவப்புப் பச்சோந்தி வரைந்தும் காட்டியிருக்கிறேன். மகன் ஒருநாள் சோதித்துப் பார்த்தான். சிவப்புத் துணிமேல் வைத்தான்; சிவக்கவில்லை. நீலப் பாய்மேல் வைத்தான், நீலமாகவில்லை. இரண்டிலும் கரும்பழுப்பானது. அச்சத்தின் நிறம் அது. கையில் தூக்கினாலும் அதே நிறம்தான். குளிரும் காலையில் கருத்திருக்கும், வெப்பத்தை ஈர்ப்பதற்கு. மனம் அமைதியாக இருக்கும்போது பச்சை. ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் மடகாஸ்கர் பச்சோந்தி ஒன்றை ஆராய்ந்து, அதன் தோலணுக்களில் குவானின் என்னும் பொருளாலான நுண்படிகங்கள் அடுக்கடுக்காக இருப்பதையும், அவற்றின் இடைவெளி நெருங்கினால் ஒரு நிறமும் விலகினால் வேறு நிறமும் தெறிப்பதையும் கண்டார்கள். சாயம் பூசுவது போன்ற வேலையன்று. இயல்பான பச்சை நிறம் இலைகளிடையே மறைந்திருக்க உதவுகிறது, அது உண்மை. ஆனால் நிறத்தை மாற்றுவது பெரும்பாலும் இன்னொரு பச்சோந்தியிடம் பேசுவதற்கும் வெப்பத்தைச் சரிசெய்வதற்கும்.

இதை ஐந்தாம் ஆண்டு வகுப்பில் சொன்னேன். நான் இதுவரை சொன்னது முழுமையான உண்மை இல்லை என்றும் சொன்னேன். வகுப்பு அமைதியாக இருந்தது. பிறகு முன்வரிசை மாணவி ஒருத்தி கையுயர்த்தி, "அப்படியென்றால் தேர்வில் எதை எழுதுவது, டீச்சர்?" என்று கேட்டாள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இந்தக் கேள்விக்கு எங்களை யாரும் ஆயத்தப்படுத்தவில்லை. "உடல் நிறம் சுற்றுப்புறத்தோடு ஒத்திருப்பதால் எதிரியின் கண்ணுக்குத் தெரியாது என்று எழுது, அது சரியும்கூட, புள்ளியும் கிடைக்கும்" என்றேன். அவள் தலையாட்டினாள். பதினைந்து ஆண்டுகளாக என்னிடம் படித்துப் போன மற்றவர்களுக்கு யார் சொல்வது?

சரி, விசயத்திற்கு வருகிறேன்.

சூன் மாத முதல் வாரம் மாறன் உண்பதை நிறுத்தினான். உச்சிக் கிளையிலேயே இருப்பவன், கூண்டின் தரைக்கு இறங்கி மூலைக்கு மூலை நடந்தான். முன்னங்கால்களால் அடித்தட்டைப் பிறாண்டினான். உடலில் மஞ்சளும் நீலமுமாகப் புள்ளிகள். மகன், "இவனுக்கு இங்கே பிடிக்கவில்லை, வெளியே போக வழி தேடுகிறான்" என்று முகம் வாடினான். விட்டுவிடலாமா என்றுகூட ஒருவர் யோசனை சொன்னார், இரயில் பாதையோரப் புதரில். அது கூடவே கூடாது. புளோரிடாவிலும் ஹவாய்த் தீவிலும் இப்படி வெளியே போன இதே இனம் பெருகி அங்குள்ள சிற்றுயிர்களைத் தின்று அரசுக்குத் தலைவலியாகியிருக்கிறது.

அத்தை கூண்டின்முன் வெகுநேரம் குந்தியிருந்து பார்த்தார். "இது முட்டை போட எடம் தேடுதுமா" என்றார்.

நான் சிரித்தேன். "அத்தை, இது ஆண். பெண்ணாகவே இருந்தாலும் துணை இல்லாமல் எப்படி முட்டை?"

"சேவல் இல்லாத வீட்டுல கோழி முட்டை போடாதா? நான் எத்தன கோழி வளத்தவ. இப்படித்தான் சுத்தும், இப்படித்தான் பறிக்கும்."

அன்றிரவு தேடிப் படித்தேன். ஏமன் பச்சோந்தியில் ஆணுக்குப் பின்னங்கால் குதியில் முள் போன்ற சிறு புடைப்பு பிறவியிலேயே இருக்கும். கைவிளக்கை அடித்துப் பார்த்தோம். இரு கால்களும் வழவழவென்றிருந்தன. துணையே இல்லாவிட்டாலும் பெண் முட்டையிடும் என்றும், தோண்ட ஈரமண் கிடைக்காவிட்டால் முட்டைகளை உள்ளேயே அடக்கிக்கொண்டு இறந்துபோகும் என்றும் படித்தேன். மூன்று நாள்களாக அது பிறாண்டிக்கொண்டிருந்தது பிளாஸ்டிக் தட்டை.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். நாய், பூனை பார்ப்பவர் பலர். ஊர்வன பார்ப்பவர் மிகச் சிலர். இரண்டு மருத்துவமனைகள் மறுத்த பிறகே மூன்றாவது கிடைத்தது. ஊடுகதிர்ப் படத்தில் வயிறு முழுவதும் வட்ட வட்டமாக முட்டைகள். எலும்புகள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. "முட்டை ஓட்டுக்கும் சுண்ணாம்பு இதன் எலும்பிலிருந்துதான் போகிறது, எலும்பிலேயே போதுமான அளவு இல்லை" என்றார் மருத்துவர். மருந்து கொடுத்தார். மண் வைத்துப் பாருங்கள், சில நாளில் இடாவிட்டால் அறுவைச் சிகிச்சை, இவ்வளவு நலிந்த உடம்பு தாங்குமா என்பது ஐயம் என்றார். படமும் மருந்துமாக 260 ரிங்கிட். திரும்பும் வழியில் மகன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சொல்லும் பேசவில்லை. நானும் பேசவில்லை. முந்தைய மாலை சிரித்த சிரிப்பு தொண்டையில் நின்றது.

ஆழமான வாளியில் முக்கால் அளவு ஆற்றுமணலும் மண்ணும் கலந்து, அத்தையே தண்ணீர் விட்டுப் பிசைந்தார். குழி தோண்டினால் இடிந்து விழக்கூடாது, சேறாகவும் ஆகக்கூடாது. கொழுக்கட்டை மாவுப் பதம் என்றார். ஒரு முழம் ஆழம். "பொட்டச்சி பிள்ள பெக்கறப்ப எல்லாரும் நின்னு பாத்தா ஆவுமா?" என்று தம் பழைய கைத்தறிச் சேலையைக் கூண்டைச் சுற்றி மூடினார். அதுவும் சரியே, யாரேனும் பார்ப்பது தெரிந்தால் பாதியிலேயே தோண்டுவதை விட்டுவிடுமாம். அத்தைக்கு இது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

முதல் இரவு தோண்டி, விட்டுவிட்டது. இரண்டாம் நாள் பகலெல்லாம் வேறு மூலையில் தோண்டியது. நான் பள்ளியில் இருந்தேன். இடைவேளையில் வீட்டிற்கு அழைத்துக் கேட்டால், "வால் மட்டும் தெரியுது" என்பார் அத்தை. மூன்றாம் நாள் விடியலில் சேலையை விலக்கிப் பார்த்தோம். வாளியின் மண் நிரவி அழுத்தப்பட்டிருந்தது, யாரோ கையால் தட்டி வைத்ததுபோல. அது ஒட்டிய வயிறும் மண்படிந்த முகமுமாகக் கிளையில் தொங்கியது. மகன் தெளிப்பானை எடுத்து இலையை நனைத்தான். நெடுநேரம் குடித்தது.

மண்ணைக் கிளறி எண்ணினோம். 41 முட்டைகள், வெண்மையாக, பயற்றங்காய் விதையைவிடப் பெரியதாய். கரு இல்லாதவை, பொரியா. குப்பையில் போட மகனுக்கு மனம் வரவில்லை. அத்தை அவற்றைக் கறிவேப்பிலைத் தொட்டியில் புதைத்தார். அன்றுமுதல் அவர் அதை மாரி என்று அழைக்கிறார். மாறன் மாரியானதில் எழுத்துப்பிழை இருப்பதாக மகன் சொன்னான். அவர் கண்டுகொள்ளவில்லை.

இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தீனி. அதிகம் தின்றால் அதிகம் முட்டை. அதிகம் முட்டை என்றால் குறுகிய வாழ்நாள். பெண்ணுக்கு ஆணைவிட ஆயுள் குறைவு. நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் ஐந்தாண்டு போனால் பெரிது என்கிறார்கள். என் மகனை அதற்குத் தெரியாது. தெரியும் என்று அவன் சொல்கிறான். கையில் எடுத்தால் கருக்கிறது. கூண்டில் விட்டால் பச்சையாகிறது. கொஞ்ச முடியாது, கூப்பிட்டால் வராது. அருகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான். பூனைக்குட்டி கேட்ட பிள்ளைக்குப் பச்சோந்தி வாங்கிக் கொடுத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்கும் பெற்றோர் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கவும்.

நேற்று மாலை பள்ளியிலிருந்து திரும்பியபோது அத்தை பலகணியில் நின்றிருந்தார். முட்டையிட்டு நான்கு மாதம் ஆகிறது. "புள்ளி விழ ஆரம்பிச்சிருக்கு, பாரு" என்றார். கழுத்தோரம் இரண்டு மஞ்சள் பொட்டு. கூண்டின் அடியில் வாளி இருந்தது. மண் ஏற்கெனவே பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடப்பட்டிருந்தது.